லாரிக் காற்றில் அடித்த ஆணிகள்

என் இடது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மடங்காது. பதினேழு வயதில், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய சட்டத்தை மருந்தில் முக்கிக்கொண்டிருந்தபோது சட்டம் பற்றிக்கொண்டது. கையால் தட்டிவிட்டேன். புண் ஆற ஆறு மாதம் ஆயிற்று. ஆறிய பிறகு அந்த இரண்டு விரலும் நீட்டிய மாதிரியே நின்றுவிட்டன. உணர்ச்சியும் போய்விட்டது. மற்ற மூன்று விரலும் நன்றாக இருக்கின்றன. உள்ளங்கை நன்றாக இருக்கிறது. வலது கையில் ஒரு குறையும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் இரக்கப்படுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.

வீட்டில் ஆடு இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் கயத்தாறு பக்கம் காற்றாலை நிற்கிற காடுகளில் கிடை போட்டு அலைந்தார்கள். நான் அதற்குப் போகவில்லை. கோவில்பட்டியில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்தேன். எட்டு வருடம் அங்கே இருந்தேன். அறுப்பேன், இழைப்பேன், உளி பிடிப்பேன். சுத்தியல் என் கைக்கு நன்றாக வரும். ஒன்றே ஒன்றுதான் முடியாது. சின்ன ஆணியைப் பிடிக்க முடியாது.

பிளைவுட்டில் அலமாரி செய்தால் வெட்டுப்பக்கம் அடுக்கு அடுக்காகத் தெரியும். அதை மறைக்க மெல்லிய தேக்குச் சட்டம் ஒட்டுவோம். பீடிங் என்று பெயர். பசை தடவி வைத்து, நூல் மாதிரி இருக்கிற ஒரு அங்குல ஆணியை அரையடிக்கு ஒன்றாக அடிக்க வேண்டும். இடது கை பீடிங்கை அமுக்கவும் வேண்டும், அதே கையின் இரண்டு விரல் ஆணியைப் பிடிக்கவும் வேண்டும். எனக்கு அந்த இரண்டு விரல்தான் இல்லை. குறட்டில் பிடித்துப் பார்த்தேன். பழைய செருப்பு ரப்பரில் ஆணியைக் குத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆணி நின்றால் பீடிங் நகரும். பீடிங் நின்றால் ஆணி சாயும்.

அதனால் எனக்கு ஒருவன் ஆணி பிடிக்க வேண்டியிருந்தது. பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன், என்னைவிட நாலு வயது மூத்தவன். கூட்டாளி என்றே சொல்கிறேன். நான் கூப்பிட்டதும் வரமாட்டான். கையில் இருக்கிற வேலையை முடித்து, தண்ணீர் குடித்து, பீடியைப் பற்றவைத்து, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் வருவான்.

"ஏலே, ஆட்டுக் காதைப் பிடிக்க உள்ளங்கை போதும்லா. அத விட்டுட்டு இங்கன வந்து ஏன்ல எங்க உசுர வாங்குத?"

எல்லோரும் சிரிப்பார்கள். முதலாளியும் சிரிப்பார். அலமாரி கேட்டு யாராவது வந்து என்னைப் பார்த்தால், "அவன் இழைப்புக்கு இருக்கான். தனியா ஒண்ணும் செய்ய வராது" என்று என் எதிரிலேயே சொல்வார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் கூட்டாளியின் விரலில் அடித்ததில்லை. அவன் ஒரு தடவைகூட விரலை இழுத்துக்கொண்டதில்லை. சுத்தியல் இறங்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பான். அந்த அளவுக்கு நம்பினான். நம்பியவன் வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு பிடித்திருக்கலாம்.

2001 என்று நினைக்கிறேன். கடைவீதியில் ஒரு நகைக்கடைக்கு உள்வேலை செய்ய வடக்கே இருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பிளைவுட் இறக்கிக் கொடுக்கப் போனவன் சாயங்காலம் வரை அங்கேயே நின்றுவிட்டேன். ஒருவன் பீடிங்கை உள்ளங்கையால் அமுக்கியிருந்தான். வலது கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று, பின்னால் ரப்பர் டியூப். மூக்கை மரத்தில் வைத்து அழுத்தி விசையை இழுத்தான். டக். ஆணி உள்ளே போய்விட்டது. அரையடி தள்ளி இன்னொரு டக். அவனுடைய ஒரு விரலும் ஆணியைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த பலகையில் என் இடது உள்ளங்கையை அவனைப் போலவே அமுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் தெரிந்தவர் இல்லாததால் நல்லதாகப் போயிற்று.

வீட்டில் நாலு வெள்ளாட்டை விற்றேன். மனைவி ஒரு வாரம் பேசவில்லை. மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

கருவிக்கடைக்காரர் என்னை உட்காரச் சொல்லாமல் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று ஸ்டேப்ளர், சோபாவுக்குத் துணி அடிக்கிறது. இன்னொன்று பெரியது, இரண்டு அங்குல ஆணிவரை அடிக்கும். மூன்றாவது சின்னது, ஒன்றேகால் அங்குலம்வரை. அதை பிராட் நெயிலர் என்றார். நான் கன் என்றே சொல்வேன்.

"பெருசா எடுங்க. சின்ன ஆணியும் போகும், பெரிய ஆணியும் போகும். நாளைக்கு இது பத்தலையேன்னு வருவீங்க."

பெரியதைத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு தடியாக இருந்தது. அரை அங்குலப் பீடிங்கில் வைத்தால் ஆணி எங்கே இறங்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. நான் பையில் ஒரு பீடிங் துண்டும் பிளைவுட் துண்டும் கொண்டுபோயிருந்தேன். அடித்துக் காட்டச் சொன்னேன். அவர் தெர்மோகோலில் அடித்துக் காட்டினார். தெர்மோகோலில் என் மூக்கால் அடித்தாலும் ஆணி இறங்கும் என்றேன். முறைத்துவிட்டு என் துண்டை வாங்கினார். பெரியது பீடிங்கைப் பிளந்தது. சின்னது சுத்தமாக இறங்கி, தலை அரிசி முனை அளவுக்கு மரத்துக்குள் புதைந்தது. அந்தக் குழியில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிடலாம். சின்னதை எடுத்தேன். மூக்கை அழுத்தாமல் விசையை இழுத்தால் சுடக்கூடாது. பத்துத் தடவை அதையும் இழுத்துப் பார்த்தேன். ஆணி எத்தனை பாக்கி இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு சந்து வழியாகத் தெரிந்தது. வலது கையால் மட்டும் ஆணி போடுகிற அறையைத் திறந்து மூட முடிந்தது. எனக்கு முக்கியம் அதுதான்.

"கம்ப்ரசர்?" என்றார்.

"இருக்கு" என்றேன். இல்லை.

புறவழிச்சாலையில் ஒரு பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. அதை நான் பிடித்ததே அந்தக் கடையில் இருந்த கம்ப்ரசருக்காகத்தான். லாரி டயருக்குக் காற்று அடிக்கிற பெரிய டேங்க். கடைக்கார அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கும், வாய் ஓயாது. நாற்பதடி டியூப் வாங்கி, சாக்கடைக்கு மேலே பலகை போட்டு, என் கொட்டகைக்குக் காற்றைக் கொண்டுவந்தேன். பட்டறையில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முதலாளி, "எத்தன நாளைக்குன்னு பாப்போம்" என்றார். கூட்டாளி பீடியைப் பற்றவைத்தான். அன்றைக்கு மட்டும் வாயை மூடியிருந்தான்.

அண்ணாச்சியின் டேங்கில் காற்றைக் குறைத்துக் கொடுக்கிற திருகு எதுவும் கிடையாது. டயருக்கு அது எதற்கு? முதல் நாள் அடித்த ஆணி பீடிங்கைத் தாண்டி பிளைவுட்டுக்குள் போய் மறைந்துவிட்டது. பீடிங் பிளந்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். லாரிக்காரன் யாராவது டயருக்குக் காற்றுப் பிடித்துப் போனதும் டேங்கில் காற்றழுத்தம் காட்டுகிற முள் கீழே இறங்கும். எண்பதுக்கு வந்ததும் அண்ணாச்சி "அடிவே" என்று கத்துவார். நான் மடமடவென்று பத்து இருபது ஆணி அடிப்பேன். மோட்டார் ஓடி நூறைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். மறுபடி லாரிக்குக் காத்திருப்பேன். தூத்துக்குடிக்கு உப்பு லாரி அதிகம் ஓடுகிற நாளில் எனக்கு வேலையும் அதிகம் நடந்தது. இப்படி ஆணி அடித்தவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆணி நேராகத்தான் போகும் என்றும் நினைத்துவிடக்கூடாது. முதல் வாரத்தில் ஒரு கணுவில் பட்டு ஆணி வளைந்து பீடிங்கின் பக்கவாட்டில் வெளியே வந்தது. எனக்குத் தெரியவில்லை. கையை எடுக்கப் போனேன், வரவில்லை. பார்த்தால் செத்த ஆட்காட்டி விரலின் நுனி மரத்தோடு சேர்ந்து அடிபட்டிருக்கிறது. வலி இல்லை. ரத்தம் மட்டும் வந்தது. குறட்டால் பிடுங்கினேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்னவே, பஞ்சர் ஒட்டணுமா?"

அன்றிலிருந்து ஆணியின் நீளத்தைவிட இரண்டு மடங்கு தள்ளித்தான் கையை வைப்பேன்.

ஆடி மாதம் முதல் தனி வேலை வந்தது. நாகலாபுரத்தில் நிலம் உள்ள குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம். சீருக்குக் கட்டிலும் இரண்டு கதவு அலமாரியும் வேண்டும். பெண்ணின் அப்பா பட்டறையில் கேட்டிருக்கிறார், அங்கே கை நிறைய வேலை. பஞ்சர் ஒட்ட வண்டியை நிறுத்தியவர் என் கொட்டகையை எட்டிப் பார்த்தார். என் கையையும் பார்த்தார்.

"தனியாவா செய்வீக?"

"தனியாத்தான் செய்யுதேன்."

அவர் போன பிறகு, நான் சொன்ன அந்த வார்த்தையை எனக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

பதினெட்டு நாள் வேலை. ஆடிக் காற்றில் செம்மண்ணும் கரிசலும் சேர்ந்து கொட்டகைக்குள் அடிக்கும். சாக்கைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு செய்தேன். ஒருவனையும் கூப்பிடவில்லை. அலமாரியைத் திருப்பிப் போடக்கூட இரண்டு உருளையும் ஒரு கயிறும் வைத்து நானே திருப்பினேன். நடுவில் ஒருநாள் கூட்டாளி சைக்கிளில் அந்த வழியாக வந்தான். இறங்கவில்லை. காலை ஊன்றி நின்று, பஞ்சர் கடையில் இருந்து வருகிற டியூபைப் பார்த்தான். அது கன்னில் முடிகிற இடம்வரை பார்த்தான். கட்டிலின் தலைப்பலகையில் நான் பீடிங் அடிப்பதைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே ஏழெட்டு ஆணியை விரைவாக அடித்துக் காட்டினேன்.

"நல்லா ஓடுது" என்றான். போய்விட்டான்.

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணிக்குழிகளை அடைத்து, முதல் பூச்சு சீலர் பூசினேன். மறுநாள் காலையில் வெயிலில் பார்த்தபோது ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் பயறு அளவுக்கு ஒரு வட்டம். அங்கே சீலர் பிடிக்கவில்லை. சில வட்டம் வெளுத்திருந்தது, சிலது கறுத்திருந்தது. தேய்த்தேன். இன்னொரு பூச்சு பூசினேன். வட்டம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அரையடிக்கு ஒன்று, வரிசையாக, கட்டில் முழுக்க, அலமாரி முழுக்க. நான் எவ்வளவு ஒழுங்காக இடம் விட்டு அடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்குக் காரணம் புரியவில்லை. மரம் சரியில்லை என்று நினைத்தேன். மரக்கடைக்காரனைத் திட்டினேன். அதற்குள் பெண் வீட்டார் பார்க்க வந்துவிட்டார்கள். அம்மா, அப்பா, ஒரு பெரியப்பா. அம்மா தலைப்பலகையின் அருகே போய் நின்று தெலுங்கில் என்னவோ சொன்னார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்.

"என்னங்க இது, முத்துப் போட்ட மாதிரி இருக்கு?"

முத்து என்றால் அம்மை. எங்கள் பக்கம் அந்த வார்த்தையைச் சும்மா சொல்லமாட்டார்கள். கல்யாணக் கட்டிலைப் பார்த்து ஒரு தாய் அதைச் சொல்லிவிட்டால் அந்தக் கட்டிலை எந்த வீட்டிலும் ஏற்றமாட்டார்கள். பெரியப்பா இரண்டு அடி பின்னால் போனார். அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெண்ணின் அப்பா மட்டும் நின்றார். "இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. சரி பண்ண முடிஞ்சா பண்ணுங்க. இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க, பட்டறையில கால்ல விழுந்தாவது வாங்கிக்கிடுதேன்."

"பண்ணுதேன்" என்றேன். எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன்.

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒரு கடையில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவன் என் பீடிங் துண்டைக் கையில் வாங்கி மோந்து பார்த்தான். "ஆயில்" என்றான். பழைய கம்ப்ரசர் காற்றோடு ஆயிலையும் துப்புமாம். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி அதுவும் வருமாம். கன் ஒவ்வொரு தடவை சுடும்போதும் அது பூச்சுப் படாத தேக்கில் தெளித்திருக்கிறது. தண்ணீர் பட்ட இடத்தில் ஆணியின் இரும்பு தேக்கைக் கறுக்க வைத்திருக்கிறது. "ஃபில்டர் இல்லாம யாராவது அடிப்பாங்களா?" என்றான். அவன் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பீடிங் முழுவதையும் பிடுங்க வேண்டியதாயிற்று. உளியை விட்டு நெம்பினால் பீடிங் துண்டு துண்டாக வரும், ஆணி பிளைவுட்டில் நின்றுகொள்ளும். தலை அகலமில்லாத ஆணி, குறட்டுக்குப் பிடி கொடுக்காது. நானூறுக்குக் குறையாமல் இருக்கும். முதல் நாள் பாதிகூட முடியவில்லை. வலது கை வீங்கிவிட்டது.

இரண்டாம் நாள் கூட்டாளி வந்தான். ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை. சொந்தக் குறட்டைக் கொண்டுவந்திருந்தான். அலமாரிப் பக்கம் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தான். அவன் ஆணியைக் கொஞ்சம் திருகி இழுத்தான், லேசாக வந்தது. அரை மணி நேரத்தில் பக்கத்தில் வைத்த டப்பாவில் ஒரு பிடி ஆணி சேர்ந்தது.

"ஆயில்தான?" என்றான்.

நான் குறட்டைக் கீழே வைத்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"என் கல்யாணத்துக்கு முந்தி நான் ரெண்டு வருசம் மதுரையில லாரிக்குப் பாடி கட்டுத கம்பெனில இருந்தேம்லா. அன்னைக்கு டியூபப் பாத்ததுமே தெரியும்."

"பாத்ததுமே?"

"ம்."

"அன்னைக்கு நான் தலைப்பலகைதான் அடிச்சிட்டிருந்தேன். அலமாரி தொடவே இல்ல. ஏன்ல சொல்லல?"

"நீ கேக்கலயே."

"நான் கேக்கமாட்டேம்னு உனக்குத் தெரியும்லா."

அவன் கையில் இருந்த ஆணியை டப்பாவில் போட்டான். "தெரியும்" என்றான்.

போகச் சொன்னேன். நான் கத்தவில்லை. "எந்திரி, போ" என்றேன். அவன் எழுந்து, குறட்டை வேட்டியில் துடைத்து, சைக்கிளை எடுத்தான். "கறுப்புப் பிடிச்ச இடத்துல பிளைவுட்டயும் ஒரு சீவு சீவிரு. இல்லேன்னா மேல வந்துரும்" என்றான். இதைக் கேட்காமலே சொன்னான். அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

அவன் சொன்னபடி சீவினேன். சீவாமல் விட்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் பதினோராவது நாள் கட்டில் போயாக வேண்டும்.

ஆயிலையும் தண்ணீரையும் வடிகட்டுகிற கிண்ணமும், காற்றைக் குறைக்கிற திருகும் வாங்கி மாட்டினேன். கிண்ணத்தில் ஒரே நாளில் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் சேர்ந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரிக்காமல் போனார். பிறகு அவரே டேங்கின் அடித்திருகைத் தினமும் திறந்துவிட்டார். இப்போது எந்த லாரிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எண்பதில் வைத்து வெள்ளைத் துணியில் முதலில் சுட்டுப் பார்ப்பேன். துணியில் கறை இல்லை என்றால்தான் மரத்தைத் தொடுவேன். புதுப் பீடிங், புது ஆணி, ஒன்பது நாள். ஆள் வைக்கவில்லை. சீலர் பூசி மறுநாள் காலையில் போய்ப் பார்க்கப் பயந்து, டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

மினி லாரியில் ஏற்றி நாகலாபுரம் போனேன். கரிசல் வெடித்துக் கிடந்த காலம். அந்த ரோட்டில் லாரி தூக்கிப் போட்ட ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கட்டிலைக் கூடத்தில் இறக்கிப் பூட்டினேன். பெண்ணின் அம்மா குனிந்து தலைப்பலகை முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது. உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து கட்டில் காலில் வைத்தார்.

என் கொட்டகைக்கே வந்து பார்த்திருந்த பெரியப்பா உறவுக்காரர்களிடம் வாய் கூசாமல் சொன்னார். "கோவில்பட்டிப் பட்டறை வேலை. அவிய வேலைன்னா தனியாத் தெரியும்."

"பட்டறை வேலை இல்ல" என்றேன். "நான் செஞ்சது."

ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் பார்க்கிற அதே இடத்தைப் பார்த்தார். "இந்தக் கைய வச்சிக்கிட்டா? ஆணி யாரு பிடிச்சா?"

"யாரும் பிடிக்கல."

"சரிதாம்பா" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். கன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். காற்று, டியூப், வடிகட்டி, எண்பது. எங்கிருந்து ஆரம்பிப்பது? பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். என்னிடம் தனியாவா என்று கேட்டவர் அவர். அவருக்குத் தெரியும். அவர் பந்தலில் யாரோ கூப்பிட்ட பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கூட ஒரு ஆள் இருந்திருப்பான்" என்று பெரியப்பா முடித்துவைத்தார். "சரி, சாப்பிட்டுப் போங்க. பந்தி போட்டாச்சு."

லாரியில் போய் ஏறிக்கொண்டிருக்கலாம். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு, பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தேன். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சாம்பார் நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கினேன்.